5 லிட்டர் ஸ்டீல் குக்கர்: இழுத்துப் பிடித்துச் செலவு செய்யும் வீட்டுக்கு வாங்கலாமா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். வீட்டில் நான்கைந்து பேர், எண்ணி எண்ணிச் செலவு செய்ய வேண்டிய பணம், ஆனாலும் பிள்ளைகள் தட்டில் சத்தாக ஏதாவது விழவேண்டுமே என்ற கவலை. இந்த மூன்றும் உங்களுக்கு இருந்தால் 5 லிட்டர் ஸ்டீல் பிரஷர் குக்கர் ஒன்று வாங்குங்கள். வெளிமூடி, கனமான அடிப்பாகம், உள்ளே அடுக்க இரண்டு பாத்திரம். நான் வைத்திருப்பது அப்படிப்பட்டதுதான். அதில் குறைகள் உண்டு, கீழே தாராளமாகத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் என் சமையலறையில் போட்ட காசைத் திருப்பிக் கொடுத்த சாமான் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். மிக்சிகூட இதற்கு அடுத்துதான்.

கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இந்த அளவிலும் அமைப்பிலும் வரும் குக்கர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. நல்லதும் கெட்டதும் அதன் வடிவத்தில் இருக்கிறது, மேலே பொறித்திருக்கும் பெயரில் இல்லை.

குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பயறு, பருப்பு, முட்டை, அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காய், அதிகம் தீட்டாத தானியம். தப்பான பதில் இல்லை. 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. மசூர் பருப்பில் அதைவிடக் கொஞ்சம் கூட, சோயாவில் 35 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று வைத்துப் பார்த்தால் கடலையின் அருமை புரியும். கூடவே நார்ச்சத்து, இரும்பு, ஃபோலேட் என்ற பி வைட்டமின் எல்லாம் வருகின்றன. 2016-ஐ ஐ.நா. சபை சர்வதேசப் பயறு ஆண்டாக அறிவித்தது, இப்போது பிப்ரவரி 10 உலகப் பயறு தினம். கொண்டாடட்டும். ஆனால் இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் யாரும் மாலை ஏழு மணியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏழு மணிக்கு என்ன நடக்கிறது? வேலை முடிந்து வந்திருக்கிறோம். சின்னவன் பசிக்கிறது என்று காலைச் சுற்றுகிறான். சாதாரணப் பாத்திரத்தில் போட்டால் ராத்திரி முழுக்க ஊறிய கடலைக்கே ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அவ்வளவு நேரமும் அடுப்பு எரிய வேண்டும், தண்ணீர் வற்றுகிறதா என்று ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அலமாரியில் கடலை டப்பாவும் நூடுல்ஸ் பொட்டலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடலை மலிவுதான், ஆனால் வேகாத கடலையை யாரும் தின்ன முடியாது. கையைக் கடிக்கும் வீடுகளில் பணம் மட்டும் பற்றாக்குறை இல்லை. நேரமும் எரிபொருளும் தெம்பும்கூடப் பற்றாக்குறைதான். களைத்துப்போன மாலையில் எது சமைக்க முடிகிறதோ அதைத்தான் வீடு சாப்பிடுகிறது. கடைப் பட்டியலை எவ்வளவு சரியாகப் போட்டாலும் சரி. அதனால்தான் சத்துணவைப் பற்றிப் பேச வந்து ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குக்கர் செய்வது சின்ன விஷயம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகாது. எவ்வளவு தீ வைத்தாலும் ஆவியாகப் போகுமே தவிர சூடு ஏறாது. மூடி இறுகி ஆவி உள்ளேயே தங்கினால் அழுத்தம் ஏறும், தண்ணீர் 120 டிகிரி வரை போகும். அந்த 20 டிகிரிதான் ஒரு மணி நேர வேலையைக் கால் மணி நேரமாக்குகிறது. உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே திறந்த பாத்திரத்தில் கடலையை வேகவைக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

இதைக் கண்டுபிடித்த ஆளின் கதையும் நம் விஷயத்தோடு ஒட்டியதுதான். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், 1679-இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் இதன் முதல் வடிவத்தைக் காட்டினார். அவருடைய நோக்கமே மலிவுச் சாப்பாடு. வீணாகத் தூக்கி எறியும் எலும்பிலிருந்து, கொஞ்சம் நிலக்கரியை வைத்துச் சத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவருக்கு இருந்த கேள்வி. 1682-இல் அங்கே அவர் சமைத்துப் போட்ட விருந்துக்குப் போன ஒருவர், எலும்பெல்லாம் பாலாடைக்கட்டி போல மிருதுவாகிவிட்டது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வையும் அவர்தான் செய்தார். ஆக, ஏழைகளின் அடுப்பை மனதில் வைத்துப் பிறந்த சாமான் இது.

சரி, வாங்குகிற கதைக்கு வருவோம். அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 5 லிட்டர் என்று எழுதியிருந்தால் 5 லிட்டர் சமைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. எதைப் போட்டாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. அரிசி, பருப்பு, பயறு மாதிரி நுரைத்துப் பொங்குபவை என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிதான். அப்படிப் பார்த்தால் 5 லிட்டர் குக்கரில் பயறு வேகவைக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை லிட்டர். காய்ந்த கடலை வெந்தபிறகு எடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஐந்து பேருக்கு இந்த அளவு சரியாக இருக்கிறது, அடுத்த நாளைக்கும் கொஞ்சம் மிஞ்சும். 3 லிட்டர் வாங்கியிருந்தால் ஒரு வேளைக்குத்தான் கண்டிருக்கும். தினமும் புதிதாக வேகவைக்க வேண்டும் என்ற நிலை வந்தால் பழைய ஏழு மணிப் பிரச்சினை திரும்ப வந்துவிடும். தனியாக இருப்பவர்களுக்கும் இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கும் 3 லிட்டர் போதும். பெரிய குக்கரில் கையளவு பருப்பைப் போட்டால் அழுத்தம் ஏறவே அதிக நேரமாகும், எரிபொருள் வீண்.

அலுமினியமா, ஸ்டீலா? அலுமினியம் விலை குறைவு, எடை குறைவு, சூடு சீராகப் பரவும், அடிபிடிப்பதும் குறைவு. அது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தக்காளி, எலுமிச்சை, புளி போட்டுச் சமைக்கும்போது புளிப்பு அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், உட்புறம் கறுத்துப்போகும். ஸ்டீலில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக அடிபிடிக்கும் தொல்லை உண்டு. ஸ்டீல் சூட்டைப் பரப்புவதில் மந்தம். அதனால்தான் நல்ல ஸ்டீல் குக்கரின் அடியில் அலுமினியத் தகட்டை இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே வைத்து அடைத்திருப்பார்கள். கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பாகம் கனமாக, தடிப்பாகத் தெரிய வேண்டும். முழுக்க மெல்லிசாக, பளபளவென்று மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எத்தனை வருட உத்தரவாதம் என்று கடைக்காரர் சொன்னாலும் அடி மெல்லிசான ஸ்டீலில் பருப்பு கருகத்தான் செய்யும்.

மூடியில் உள்மூடி, வெளிமூடி என்று இரண்டு வகை. உள்மூடி சாய்த்து உள்ளே நுழைத்து மேலே இழுத்து மாட்டுவது. உள்ளிருந்து அழுத்தம் மூடியைத் தள்ளிப் பிடித்துக்கொள்வதால், அழுத்தம் இருக்கும்வரை திறக்கவே முடியாது. பாதுகாப்பில் அதற்குத்தான் என் ஓட்டு. பிறகு ஏன் வெளிமூடி வாங்கினேன் என்றால், அடுக்குப் பாத்திரம் வைத்து எடுக்க அதில்தான் வாய் அகலமாக, தடையில்லாமல் இருக்கிறது. என் மாமியாருக்கு மணிக்கட்டு வலி, உள்மூடியைத் திருப்பி மாட்டுவது அவருக்கு ஒத்துவரவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் குக்கரைக் கையாள்வது அவர்தான் என்பதால் அவர் கைக்கு எது வசதியோ அதை எடுத்தேன். குக்கர் வாங்கப் போகிறவர்கள் சமைக்கிற ஆளையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். இது அவ்வளவு பெரிய விஷயம்.

இப்போது விசில் கணக்கு. எங்கள் வீட்டில் இதுதான் நிரந்தரச் சண்டை. "மூணு விசில் வந்தாச்சு, இறக்கிடவாம்மா?" என்று மாமியார் கேட்பார். "அத்தை, விசிலை விடுங்க, மணியைப் பாருங்க" என்று நான் சொல்வேன். விசில் என்பது அதிகமான ஆவி மூடி மேலுள்ள வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் சத்தம், அவ்வளவுதான். தீ அதிகம் வைத்தால் சீக்கிரம் சீக்கிரமாக வரும், குறைத்து வைத்தால் வரவே வராது. மூடியில் இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட் பழசானாலும், உள்ளே தண்ணீரின் அளவு மாறினாலும் கணக்கு மாறும். ஒரு வீட்டு மூன்று விசில் இன்னொரு வீட்டில் ஐந்து. சரியான வழி இது: முதல் விசில் வரும்வரை தீயைக் கூட்டி வையுங்கள். வந்ததும் தீயை மிகவும் குறைத்துவிட்டு அங்கிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். உள்ளே அழுத்தம் முழுதாக ஏறிய பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் சூடு கூடாது. ஆவிதான் வெளியே போகும், ஆவியோடு உங்கள் காசும் போகும். ஊறிய கொண்டைக்கடலைக்குக் குறைந்த தீயில் கால் மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை தொடக்கூடாது. அந்த இறங்கும் நேரத்திலும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும், செலவில்லாத சமையல். இவ்வளவும் சொன்ன பிறகும் மாமியார் விசிலைத்தான் எண்ணுகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் சமைத்தாலும் கடலை வெந்துதான் இருக்கிறது, அதனால் என்னால் அதிகம் பேச முடிவதில்லை.

பயறு வேகாமல் போவதற்குக் குக்கரைக் குற்றம் சொல்கிறவர்கள் நிறைய. பெரும்பாலும் குற்றம் வேறு இடத்தில் இருக்கும். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் நாளாகக் கிடந்த பயறு கெட்டித்துப்போகும், அதை எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய மூட்டையாக வாங்குவதில் உள்ள ஆபத்து இது. தாதுக்கள் மிகுந்த கடினத் தண்ணீரும் ஒரு காரணம், அதிலுள்ள கால்சியம் தோலை இறுக்கிவிடும். துளி சமையல் சோடா சேர்த்தால் சரியாகும், அதிகமானால் சவர்க்கார வாடை வரும், பி வைட்டமின் சிலவும் போகும். தக்காளியையும் புளிப்பையும் ஆரம்பத்திலேயே போட்டால் பயறு வேக மறுக்கும், வெந்த பிறகு சேருங்கள். உப்பைப் பற்றி மட்டும் எல்லோரும் தலைகீழாகச் சொல்கிறார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் தோல் மிருதுவாகும், இறுகாது.

ராஜ்மா எனப்படும் சிவப்பு பீன்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கை. அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காடாக நாலைந்து தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நன்றாகக் கொதிக்க வைத்தால் அழிந்துவிடும். மெதுவாகச் சமைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் வேகாத ராஜ்மாவை நேரடியாகப் போடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான், அதில் சூடு கொதிநிலைக்குப் போகாமலே நின்றுவிடலாம். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் முழுதாக வேகவைத்தால் பயமில்லை. மலிவான புரதம் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி. விடுமுறை நாளில் ஒரு பெரிய அளவு கடலையோ ராஜ்மாவோ வேகவைத்து, ஆறியதும் டப்பாக்களில் பிரித்துவிடுவேன். மூன்று நாளுக்கு வேண்டியது ஃபிரிட்ஜில், மீதி ஃபிரீசரில். அதன்பிறகு வாரம் முழுக்க அது பல வேஷம் போடும். ஒரு நாள் வெங்காயமும் எலுமிச்சையும் பிழிந்து அப்படியே. ஒரு நாள் பூண்டோடு அரைத்து ரொட்டிக்குத் தடவ. ஒரு நாள் காய்களோடு சூப்பாக. ஒரு நாள் சோற்றில் கலந்து கணவரின் மதிய டப்பாவில். மாமியாருக்குப் பல் சரியில்லை, அவருக்கு மட்டும் கரண்டியால் மசித்து. பெரியவளுக்கு மசித்தது பிடிக்காது, முழுசாக இருந்தால்தான் தொடுவாள். ஒரே குக்கர், ஒரே கடலை, எல்லாருக்கும் வேறு வேறு தட்டு. எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. பயறில் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் ஏறாது, பக்கத்தில் வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஏறும். வேகவைத்த தண்ணீரையும் நான் கொட்டுவதில்லை, சூப்புக்கோ மாவு பிசையவோ போகும். ராஜ்மா ஊறிய தண்ணீர் மட்டும்தான் எங்கள் வீட்டில் சாக்கடைக்குப் போகிறது.

பயறோடு தானியம் சேர்த்துச் சாப்பிட்டால் புரதம் முழுமையாகும் என்பது தெரிந்ததே. பயறில் குறைவான மெத்தியோனின் என்ற புரதக்கூறு தானியத்தில் இருக்கிறது, தானியத்தில் குறைவான லைசின் பயறில் இருக்கிறது. ஒரே வேளையில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, நாளுக்குள் சேர்ந்தால் போதும். வைட்டமின் பி12 மட்டும் செடிகொடிகளிலிருந்து கிடைக்காது, அதற்கு முட்டையோ பாலோ மீனோ வேண்டும். குக்கர் இங்கே இன்னொரு உதவியும் செய்கிறது. தீட்டாத அரிசியும் முழுக் கோதுமையும் வேக வெள்ளை அரிசியைப்போல் இரண்டு மடங்கு நேரம் கேட்கும். நார்ச்சத்துக்காக அவற்றை வாங்கிவிட்டு, வேகவைக்கப் பொறுமை இல்லாமல் வெள்ளை அரிசிக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். குக்கரில் அந்தச் சாக்கு எடுபடாது.

காய் விஷயத்தில்தான் இது சறுக்குகிறது. ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் குக்கரால் பெரிய உதவி இல்லை. கீரையைக் குக்கரில் போட்டால் நிறமும் போய், வடிவமும் போய்க் கூழாகத்தான் வெளியே வரும். முட்டைக்கோஸ் போட்டால் வீடே நாறும். பீட்ரூட், கேரட், உருளை, பூசணி மாதிரி கெட்டியானவற்றைத் தோலோடு, பெரிய துண்டுகளாக, தண்ணீரில் முக்காமல் மேல் அடுக்கில் வைத்து ஆவியில் வேகவைத்தால் நன்றாக வரும். ஆனால் பெட்டியில் போட்டுத் தந்த படத்தில் கீழே அரிசி, நடுவில் பருப்பு, மேலே பச்சைப் பட்டாணி என்று எல்லாம் ஒரே நேரத்தில் வெந்து சிரிக்கின்றன. அது படத்தில்தான் நடக்கும். பருப்பு வேகிற நேரத்தில் மென்மையான காய் குழைந்துவிடும். நான் செய்வது, பயறு வெந்து இறங்கியதும் அந்தச் சூட்டிலேயே நறுக்கிய கீரையைப் போட்டு மூடியைச் சும்மா சாய்த்து வைப்பது. ஐந்து நிமிடத்தில் வதங்கிவிடும், தனி அடுப்பு வேண்டாம். காலிஃபிளவர் தண்டு, முட்டைக்கோஸின் வெளி இலை, கேரட் தலை என்று வழக்கமாகக் குப்பைக்குப் போவதெல்லாம் பயறோடு உள்ளே போகிறது.

இனி திட்டு. பருப்பு வேகவைத்தால் வெயிட் வழியாக மஞ்சள் தண்ணீர் பீய்ச்சி அடுப்பு, சுவர், ஜன்னல் என்று எல்லா இடத்திலும் கோலம் போடுகிறது. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும், முழுக்க நிற்காது. கைப்பிடித் திருகு மெல்ல மெல்லத் தளர்கிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது திருப்புளியைத் தேட வேண்டியிருக்கிறது. அடுக்குப் பாத்திரங்களில் மேலே உள்ளது கீழே உள்ளதன் மீது சரியாக உட்காராமல் ஆடுகிறது, அதைச் சூடாக வெளியே எடுக்கக் கொடுத்திருக்கும் கொக்கி விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது. கூடவே வந்த கையேட்டில் எல்லாப் பயறுக்கும் ஒரே நேரத்தைப் போட்டிருக்கிறார்கள், அதை எழுதியவர் சமைத்துப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

இதெல்லாவற்றையும்விட எரிச்சல் கேஸ்கட். ரப்பர் வளையம் நாளாக நாளாகக் கெட்டியாகி, ஓரத்தில் ஆவி கசியத் தொடங்கும். மாற்ற வேண்டும் என்பது சகஜம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாற்றுக் கேஸ்கட் வாங்கப் போன கடையில், "எல்லாம் ஒன்னுதான், இது எல்லா குக்கருக்கும் பொருந்தும்" என்று ஒன்றைக் கையில் திணித்தார்கள். பொருந்தவில்லை. திருப்பிக் கொண்டுபோனால் பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள். கம்பெனியின் அசல் கேஸ்கட் கிடைக்க மேலும் அலைந்ததுதான் மிச்சம். அதுவரை மீண்டும் திறந்த பாத்திரம், ஒரு மணி நேரக் கடலை. குக்கர் இல்லாத அந்த இடைவெளியில் நூடுல்ஸ் வீட்டுக்குள் எவ்வளவு வேகமாகத் திரும்பி வந்தது என்பதைப் பார்த்தபோதுதான் இந்தப் பாத்திரத்தின் மதிப்பு எனக்கே முழுசாகப் புரிந்தது.

மின்சார மல்டி குக்கர் வாங்கலாமே என்று என் தங்கை சொல்கிறாள். அவளிடம் இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிடலாம், சத்தமும் இல்லை, அடுப்பு எரிகிறதா என்ற பயமும் இல்லை. வயதானவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பெரும்பாலான மின்சாரக் குக்கர்களில் அழுத்தம் அடுப்புக் குக்கரைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் நேரம் கூடும். உள்பாத்திரத்துப் பூச்சு உரிந்தாலும் உள்ளே இருக்கும் மின்பலகை போனாலும் பழுதுபார்க்கும் செலவு ஒரு சாதாரணக் குக்கர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இழுத்துப் பிடிக்கிற வீட்டில், கெட்டுப்போனால் நாமே சரிசெய்துகொள்ளக்கூடிய சாமான்தான் நிற்கும். வெயிட், வால்வு, கேஸ்கட், கைப்பிடி என்று அடுப்புக் குக்கரில் தேய்கிற எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. பாத்திரம் அப்படியே இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. சமைக்கும் முன் மூடியைத் தூக்கி, வெயிட் உட்காரும் குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பருப்புத் தோல் ஒன்று அடைத்திருந்தால் ஆவிக்குப் போக வழியில்லை. சேஃப்டி வால்வு ஒருமுறை உருகிப் போனால் ஆணியோ துணியோ வைத்து அடைக்காமல் அன்றைக்கே மாற்றுங்கள். அவசரத்தில் வெயிட்டைக் கரண்டியால் தூக்குவதும் மூடியை வலுக்கட்டாயமாகத் திருப்புவதும் வேண்டவே வேண்டாம். அவசரமென்றால் மூடியின் ஓரத்தில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், ஆவி அடங்கும்.

யாருக்கு இது வேண்டாம்? மூன்று வேளையும் வெளியே சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டாம். பயறு பிடிக்காத வீட்டுக்கு, வெறும் சோறு வடிக்க மட்டும் என்றால் இவ்வளவு பெரிய ஸ்டீல் குக்கர் தேவையில்லை, சின்ன அலுமினியமே போதும். டப்பாவில் வெந்து வரும் பயறு உங்கள் ஊரில் மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்ல சாப்பாடுதான். உப்பு அதிகம் இருக்கும், தண்ணீரில் அலசிவிட்டு எடுங்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

10-க்கு 8 கொடுக்கிறேன். ஒரு மதிப்பெண் அடுக்குப் பாத்திரத்துக்காக, ஒன்று கேஸ்கட்டுக்காகப் போயிற்று. வாங்குகிற அன்றைக்கே அதே கம்பெனி கேஸ்கட் ஒன்றும் சேஃப்டி வால்வு ஒன்றும் கூடுதலாக வாங்கி, பெட்டியில் உள்ள மாடல் எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். ரசீதையும் அங்கேயே.